வேர் மாறினால் யார் பொறுப்பு?

திருவனந்தபுரம்: சாலை பஜாரில் உள்ள பச்சிலை, வேர்க் கடைகளில் 'சங்கபுஷ்பி' என்று கேட்டால் நீலப்பூப் பூக்கும் காக்கணங்கொடியின் வேர் கிடைக்கும். அதே பெயரைத் தில்லியின் காரி பாவ்லி சந்தையில் சொன்னால் தரையில் படரும் வேறொரு செடியைக் கட்டித் தருவார்கள். கேரள வைத்தியர் 'ராஸ்னா' என்பது சிற்றரத்தைக் கிழங்கை. வட இந்திய வைத்தியர் அப்பெயரால் குறிப்பிடுவது ஒரு புதர்ச்செடியின் இலையை. 'பிராமி' என்பது இங்கே நீர்ப்பிரமி. வடக்கில் பல இடங்களில் வல்லாரை.

இதில் மோசடி எதுவும் இல்லை. நூல் ஒன்று, நிலம் வேறு என்பதால் தலைமுறைகளாக நிலைத்துவிட்ட வழக்கம் இது. ஆனால், மருந்து உள்ளூர் வைத்தியரின் கையைவிட்டுத் தொழிற்சாலைக்குப் போய், ஒரே பெயர் அச்சிட்ட புட்டிகளில் நாடெங்கும் விற்பனையாகும்போது வழக்கம் சிக்கலாகிறது. அந்தச் சிக்கலின் நிழலில்தான் மோசடியும் ஒதுங்குகிறது.

அசோகப் பட்டை இதற்குத் தெளிவான உதாரணம். பெண்களின் மாதவிடாய்க் கோளாறுகளுக்குத் தரப்படும் அசோகாரிஷ்டத்தின் மூலப்பொருள் இது. அசோக மரம் அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. மரம் குறைய, சந்தையில் பட்டைக்குப் பதிலாக நெட்டிலிங்க மரத்தின் பட்டை நுழைவது ஆய்வுகளில் பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. பள்ளி வளாகங்களிலும் அரசு அலுவலக முகப்புகளிலும் ஈட்டிபோல் நிற்கும் நெட்டிலிங்கத்தையே அசோக மரம் என்று நம்புவோர் தமிழகத்திலும் ஏராளம்.

பெல்ஜியத்தில் நடந்தது

பெயர்க் குழப்பத்தின் விலை என்ன என்பதை 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் அறிந்துகொண்டது. பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் எடையைக் குறைக்கும் மருத்துவமனை ஒன்று தந்த மாத்திரைகளில் 'ஃபாங் ஜி' என்ற சீன மூலிகை சேர்ந்திருக்க வேண்டும். சேர்ந்ததோ 'குவாங் ஃபாங் ஜி' என்ற வேறொரு வேர். பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. ஆனால், பின்னதில் சிறுநீரகத்தை அழிக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதடைந்தது. பலருக்கு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. அந்த வேரைத் தரும் பேரினத்தைச் சேர்ந்ததுதான் நம் ஊர்க் கருடக்கொடியும்.

மருந்து மூலிகைகளின் சாகுபடிக்கென்றே சீனா 2002-இல் தர விதிகளைக் கொண்டுவந்தது. 2022-இல் அவற்றைத் திருத்தியது. விதை, நிலம், அறுவடை என்று வயலிலேயே தரத்தைத் தொடங்குவது அவற்றின் நோக்கம். விதி இருப்பதாலேயே அங்கு கலப்படம் ஒழிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. எனினும், கேள்வி எங்கே எழுப்பப்பட வேண்டும் என்பது அங்கு புரிந்திருக்கிறது.

இந்தியாவில் அந்தக் கேள்வி பெரும்பாலும் புட்டியிடம்தான் கேட்கப்படுகிறது. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் வரம்புக்குள் ஆயுர்வேதமும் சித்தாவும் யுனானியும் 1964-இல் வந்தன. நல்ல உற்பத்தி நடைமுறைகள் 2000-இல் அறிவிக்கப்பட்டன. அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருப்பதாக 2004-இல் ஓர் ஆய்வு வெளியானதும் தில்லி விழித்துக்கொண்டது. மறு ஆண்டே உத்தரவு பிறந்தது. கன உலோகச் சோதனை 2006 ஜனவரி முதல் கட்டாயமானது. யாருக்கு என்றால், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு!

ஆயுர்வேத மருந்தைத் தயாரிக்க இச்சட்டப்படி உரிமம் தேவை, விற்பதற்குத் தேவையில்லை. பயன்படுத்திய மூலப்பொருள்களின் ஆண்டுக் கணக்கைத் தயாரிப்பாளர் தர வேண்டும் என்று விதி 157-ஏ கூறுகிறது. அது மொத்தக் கணக்கு. ஒரு குறிப்பிட்ட புட்டிக்குள் போன பட்டை எந்தக் காட்டிலிருந்து, எத்தனை கை மாறி வந்தது என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. நாட்டில் 1,178 தாவர இனங்கள் மருந்துக்காக வர்த்தகமாவதாகவும், 2014-15-இல் தேவை சுமார் 5.12 லட்சம் டன் என்றும் தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காக நடத்தப்பட்ட ஆய்வு கணக்கிட்டது. இதில் பெரும்பகுதி ரசீது இல்லாத சாக்குமூட்டைகளில் பயணிக்கிறது என்பதே நடைமுறை.

சோதனைக்கூடத்தால் எல்லாவற்றையும் பிற்பாடு கண்டுபிடித்துவிட முடியாதா என்று கேட்கலாம். முழுப் பட்டையை அனுபவசாலி கண்ணாலேயே அடையாளம் காண்பார். பொடியை நுண்ணோக்கியும் மரபணுச் சோதனையும் காட்டிக்கொடுக்கும். ஆனால், பட்டையைக் காய்ச்சிக் கஷாயமாக்கி, புளிக்கவைத்து அரிஷ்டமாக்கிய பிறகு மரபணு சிதைந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து மூலிகைகள் கலந்த திரவத்தில் எது இல்லை என்று வேதியியல் சோதனையால் நிறுவுவதும் எளிதன்று. அடையாளம் காண வேண்டிய இடம் மூட்டை அவிழும் இடம்தான்.

காணி மக்களின் இலை

தலைநகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில், பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுபவம் இங்கே நினைவுகூரத்தக்கது. அகத்திய மலையில் வாழும் காணி பழங்குடியினர் களைப்புத் தெரியாமல் நடக்க உண்ட 'ஆரோக்கியப்பச்சை'யை 1987-இல் அவர்களிடமிருந்து அறிந்த விஞ்ஞானிகள், அதைக்கொண்டு 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கினர். 1995-இல் கோவை ஆர்ய வைத்ய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் அளிக்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் உரிமைத்தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதற்கான அறக்கட்டளை 1997-இல் பதிவானது. உலகமே பாராட்டிய ஏற்பாடு இது.

இடறியது மூலப்பொருளில். காணி குடும்பங்கள் செடியைப் பயிரிட முன்வந்தபோது, காட்டுச் செடியே வேரோடு பறிபோகும் என்று வனத்துறை அஞ்சியது; தடை விதித்தது. அந்த அச்சத்தைக் காரணமற்றது என்று தள்ளிவிட இயலாது. பயிரிட்ட இலை எது, பறித்த இலை எது என்று சான்று சொல்ல அன்று ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

காகிதம் வந்தது, ஆனால்...

அந்தக் காகிதம் இப்போது சட்டத்தில் இருக்கிறது. 2023 ஜூலை 25 அன்று, மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சிகளின் முழக்கங்களுக்கு இடையே மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது பல்லுயிர்ப் பெருக்கத் திருத்த மசோதா. மாநிலங்களவை ஆகஸ்ட் 1 அன்று ஒப்புதல் அளித்தது; 2024 ஏப்ரல் 1 முதல் சட்டம் அமலில் உள்ளது. பயிரிடப்பட்ட மருத்துவத் தாவரங்களுக்கு, உள்ளாட்சி அளவிலான பல்லுயிர் மேலாண்மைக் குழுவிடம் பிறப்பிடச் சான்று பெறலாம் என்கிறது அது. அவ்வாறு பெற்றவை பயன் பகிர்வுக் கடப்பாட்டிலிருந்து விலக்குப் பெறும்.

ஆக, சான்றின் முதல் வேலை கட்டண விலக்கு. மருந்துத் தரத்துக்குப் பொறுப்பான ஆயுஷ் அதிகாரிகள் அதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று மருந்துச் சட்டம் சொல்லவில்லை. பாலோட்டில் பயிரிட்ட இலைக்குச் சான்று உண்டு. காட்டில் உரித்த அசோகப் பட்டைக்கு அந்தச் சான்று பொருந்தாது. நெட்டிலிங்கம் கலப்பது அதில்தான்.