சிவகாசியில் ஒரு சேம்பு!

சிவகாசிக்கும் தண்ணீருக்கும் ஏழாம் பொருத்தம். பட்டாசும் தீப்பெட்டியும் இங்கே தழைத்ததற்கு இந்த வறண்ட காற்றும் ஒரு காரணம். அப்பேர்ப்பட்ட ஊரில், வாய்க்கால் ஓரத்தில் கால் நனைத்துக்கொண்டு வளருகிற சேப்பங்கிழங்கை வளர்க்கப் போகிறேன் என்றால் வீட்டுக்காரி சும்மா விடுவாளா?

''குடிக்கிற தண்ணியவே குடம் குடமா காசு குடுத்து வாங்குறோம். இதுல உங்க கிழங்குக்கு வேறயாக்கும்?''

நியாயமான கேள்வி. பதில் அவள் கையிலேயே இருந்தது. கழனித்தண்ணி! அரிசி களைந்தது, காய்கறி கழுவியது என்று தினமும் அரை வாளி தேறியது. சோப்புத் தண்ணீரை மட்டும் சேர்க்கவில்லை.

மார்க்கெட்டில் வாங்கிய கிழங்கில் முளை கட்டியதாக இரண்டு பொறுக்கினேன். பழைய பெயிண்ட் வாளிகளைக் கழுவி, அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய சாணி எருவும் கலந்து, முளை மேலே பார்க்க நாலு விரல் ஆழத்தில் புதைத்தேன். காலை வெயில் மட்டும் படுகிற இடம். ஈரம் காயாமலிருக்க மேலே சருகு மூடாக்கு.

இலை, யானைக் காது மாதிரி விரிந்தது. அதில் தண்ணீர் என் சம்பளம் மாதிரி, ஒட்டவே ஒட்டாது! இலை மேலிருக்கும் நுண்ணிய மெழுகுப் பூச்சு செய்கிற வேலை. அதனால் வேரில்தான் ஊற்ற வேண்டும்.

பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாமனார் வீட்டில் நாலு நாள் தங்கிவிட்டோம். திரும்பி வந்தால் இரண்டும் கருகிக் கிடந்தன. நான் வாளியைக் கவிழ்க்கப் போனேன். தடுத்தது யார் தெரியுமா? அவளேதான்!

''இலதானங்க காஞ்சிருக்கு, கிழங்கு உசிரோட இருக்கும். பொறுங்க.''

தினமும் ஊற்றினாள். பத்தாம் நாள் ஒன்றில் பச்சைக் குருத்து!

ஏழாம் மாதம் இலை பழுத்ததும் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் கழித்துத் தோண்டினோம். முக்கால் கிலோ. வீரமாகப் பச்சைக் கிழங்கைத் தோல் சீவிய எனக்கு மாலை வரை கை அரிப்பு. ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் உபயம். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நன்றாக வேகவைத்த பிறகே வாயில் வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இலையைக் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி புளிக்குழம்பு. மூணாவது தடவை சோறு கேட்டேன்.

''அரிசி இன்னும் ஒரு ஆழாக்கு கூடப் போடணும் போல'' என்றாள்.

''போடு, கழனித்தண்ணியும் கூடக் கிடைக்குமே!''