பத்தொன்பது வயதில் பத்தாம் வகுப்பு: ஆல்தியா கிப்சன்

டென்னிஸ் உலகில் முதன்முதலாகப் பெரும் பட்டம் வென்ற கறுப்பினப் பெண்மணி ஆல்தியா கிப்சன். 1927-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்தவர். பள்ளிக்கு மட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லையாம்! ஆனால் தெருவில் மர மட்டை கொண்டு ஆடும் ஆட்டத்தில் சூரர். அண்டை அயலார் காசு சேர்த்து அவரை டென்னிஸ் சங்கமொன்றில் சேர்த்தனர். 1944, 1945 இரு ஆண்டுகளிலும் கறுப்பினத்தவர் நடத்திய போட்டியில் சிறுமியர் பட்டம் அவருக்கே கிடைத்தது.

"கறுப்பினத்தவர் நடத்திய போட்டி" என்கிறேனே, ஏன் தெரியுமா? அந்நாளில் இரு இனத்தாருக்கும் தனித்தனிச் சங்கங்கள். ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடக்கும் தேசியப் போட்டிக்கு எவ்வளவு திறமை இருந்தாலும் கறுப்பினத்தவருக்கு அழைப்பு வராது.

1946-இல் ஈட்டன், ஜான்சன் என்னும் இரு கறுப்பின மருத்துவர்கள் அவரது ஆட்டத்தைக் கண்டு வியந்து, படிப்பும் ஆட்டமும் சேர்ந்தே நடக்க ஏற்பாடு செய்தனர். பள்ளி நாட்களில் வில்மிங்டன் நகரில் டாக்டர் ஈட்டன் இல்லத்தில் வாசம். கோடை விடுமுறையில் டாக்டர் ஜான்சனுடன் ஊர் ஊராகப் போட்டிகள். பத்தொன்பது வயதில், தம்மைவிடச் சிறியவர்களோடு பத்தாம் வகுப்பில் அமர்ந்தார். கோப்பைகளை வென்றதைவிட இதுவே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1949-இல் பள்ளிப் படிப்பை முடித்து, உதவித்தொகையுடன் ஃப்ளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரியில் சேர்ந்தார்.

கல்லூரி மாணவியாக இருக்கையில்தான் அந்தக் கதவு திறந்தது. முன்னாள் வீராங்கனை ஆலிஸ் மார்பிள், தாமே வெள்ளையராயினும், இந்த ஒதுக்கலைக் கண்டித்து 1950-இல் ஒரு டென்னிஸ் இதழில் எழுதினார். அழைப்பு வந்தது! இரண்டாம் சுற்றில் எதிரே நின்றவர் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் ப்ரௌ. முதல் செட் 1–6 எனத் தோல்வி; அடுத்தது 6–3 என வெற்றி. மூன்றாவதில் ஆல்தியா 7–6 என முன்னிலை. இன்றைய 'டை பிரேக்' அன்று கிடையாது. இரண்டு ஆட்டங்கள் கூடுதலாக வென்றால்தான் செட் முடியும். அவருக்கு இன்னும் ஒன்றே தேவை. அப்போது இடி மின்னலுடன் பெருமழை! அரங்கின் மேலிருந்த கல் கழுகொன்று மின்னல் தாக்கி விழுந்ததாம். மறுநாள் ஆட்டம் தொடர்ந்தது. 7–9 எனத் தோற்றார்.

1953-இல் பட்டம் பெற்று மிசூரியில் உடற்கல்வி கற்பித்தார். டென்னிஸை விட்டு ராணுவத்தில் சேரவும் எண்ணியதுண்டு. அந்நேரத்தில் அமெரிக்க அரசின் நல்லெண்ணக் குழுவில் இந்தியா, இலங்கை, பர்மா எனச் சுற்றி ஆடினார். பின்னர் 1956-இல் பிரெஞ்சுப் பட்டம். 1957, 1958-இல் விம்பிள்டனும் அமெரிக்கப் பட்டமும். 1957-இல் விம்பிள்டனில் பரிசளித்தவர் எலிசபெத் அரசியார்.

அமெச்சூர் ஆட்டத்தில் பரிசுப் பணம் கிடையாது. ஆகவே பிழைப்புக்காகப் பாட்டுப் பாடினார். 1964-இல் தொழில்முறை கோல்ஃப் ஆட்டக்காரரானார். 2003-இல் காலமானார். அமெரிக்க ஓபன் நடைபெறும் நியூயார்க் அரங்க வளாகத்தில் 2019-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.