தமிழ்நாடு துடுப்பாட்ட அணி

தமிழ்நாடு துடுப்பாட்ட அணி என்பது இந்திய உள்ளூர்த் துடுப்பாட்டப் போட்டிகளில் தமிழ்நாடு மாநிலத்தின் சார்பாக விளையாடும் அணியாகும். கிரிக்கெட் எனப் பரவலாக அறியப்படும் இவ்விளையாட்டில் இந்தியாவின் மிகப் பழமையான மாநில அணிகளுள் இதுவும் ஒன்று. தமிழ்நாடு துடுப்பாட்டச் சங்கம் இவ்வணியை நிருவகிக்கிறது. சென்னை சேப்பாக்கத்திலுள்ள மு. அ. சிதம்பரம் அரங்கம் இதன் முதன்மைத் தாயகக் களமாகும். முன்பு மதராஸ் அணி என்ற பெயரில் விளையாடியது. 1969-ஆம் ஆண்டு மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என மாற்றப்பட்டதைத் தொடர்ந்து அணியின் பெயரும் மாறியது.

இந்தியாவின் தலையாய முதல்தரப் போட்டியான இரஞ்சிக் கோப்பையை இவ்வணி 1954–55, 1987–88 ஆகிய இரு பருவங்களில் வென்றுள்ளது. பத்து முறை இறுதிப் போட்டியில் தோற்றுள்ளது. ஆனால் குறைந்த ஓவர்கள் கொண்ட போட்டிகளில் நாட்டின் வெற்றிகரமான அணிகளுள் ஒன்றாக விளங்குகிறது. விசய் அசாரே கோப்பையை ஐந்து முறையும், சையது முசுத்தாக் அலி கோப்பையை மூன்று முறையும் கைப்பற்றியுள்ளது.

தொடக்க காலம்

மதராஸ் கிரிக்கெட் கழகம் 1846-ஆம் ஆண்டு ஐரோப்பியர்களால் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அதில் உறுப்பினராக இந்தியர்களுக்கு இடம் இல்லை. இந்நிலையில் புச்சி பாபு நாயுடு என்பவர் 1888-இல் மதராஸ் யுனைடெட் கழகத்தை நிறுவி, இந்திய இளைஞர்களுக்கு மட்டை, பந்து, பயிற்சி ஆகியவற்றை வழங்கினார். இதனால் இவர் 'மதராஸ் துடுப்பாட்டத்தின் தந்தை' எனக் குறிப்பிடப்படுகிறார். ஐரோப்பியர்களுக்கும் இந்தியர்களுக்கும் இடையே ஆண்டுதோறும் ஓர் ஆட்டம் நடைபெற வேண்டும் என்பது அவரது விருப்பமாக இருந்தது. 1908-இல் அவர் மறைந்தார். பின்னர் இவ்வாட்டம் 'மாகாண ஆட்டம்' என்ற பெயரில் வழக்கமான போட்டியாக வளர்ந்து, 1915–16 முதல் முதல்தரத் தகுதியுடன் நடைபெற்றது. பொங்கல் விடுமுறையை ஒட்டி நடந்ததால் இது 'பொங்கல் ஆட்டம்' என்றும் அழைக்கப்பட்டது. அவர் பெயரில் நடத்தப்படும் புச்சி பாபு போட்டித் தொடர் இன்றும் உள்ளூர்ப் பருவத்துக்கு முந்தைய முக்கியப் போட்டியாக உள்ளது.

இரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம்

இரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில் மதராஸ் அணிக்கும் மைசூர் அணிக்கும் இடையே நடைபெற்றது. தொடரின் முதல் பந்தை மதராஸ் அணியின் எம். ஜே. கோபாலன் வீசினார். சி. பி. ஜான்ஸ்டன் மதராஸ் அணிக்குத் தலைமை தாங்கினார். மைசூர் அணி 48, 59 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. ஒரே இன்னிங்சில் 130 ஓட்டங்கள் எடுத்த மதராஸ் அணி, இன்னிங்ஸ் மற்றும் 23 ஓட்டங்கள் வேறுபாட்டில் வென்றது. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் ஏ. ஜி. இராம் சிங் இவ்வாட்டத்தில் 11 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

கோபாலன் துடுப்பாட்டத்திலும் வளைதடிப் பந்தாட்டத்திலும் இந்தியாவுக்காக விளையாடியவர். அவர் பெயரில் 1950களில் தொடங்கப்பட்ட கோபாலன் கோப்பைக்காக மதராஸ் அணியும் இலங்கை அணியும் மோதின. இலங்கை தேர்வுத் துடுப்பாட்டத் தகுதி பெறுவதற்கு முன்பு, அந்நாட்டு வீரர்களுக்கு வெளிநாட்டு அணியுடன் தொடர்ந்து விளையாடும் வாய்ப்பை வழங்கிய போட்டிகளுள் இதுவும் ஒன்று.

இரண்டு கோப்பைகள்

1954–55 பருவத்தின் இறுதிப் போட்டியில் பாலு அழகண்ணன் தலைமையிலான மதராஸ் அணி, அன்றைய வலிமைமிக்க அணிகளுள் ஒன்றான ஓல்கர் அணியை இந்தூரில் வீழ்த்தி முதல் முறையாகக் கோப்பையை வென்றது. இராம் சிங்கின் மகன் ஏ. ஜி. கிருபால் சிங் இப்பருவத்தில் மட்டையாலும் பந்தாலும் சிறந்து விளங்கினார். அதே 1955-ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் தன் முதல் தேர்வுப் போட்டியிலேயே ஆட்டமிழக்காமல் 100 ஓட்டங்கள் எடுத்தார். அவருடைய தம்பி ஏ. ஜி. மில்கா சிங்கும் இந்தியாவுக்காக விளையாடினார்.

அடுத்த கோப்பைக்கு 33 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1987–88 பருவத்தில் எஸ். வாசுதேவன் தலைமையிலான தமிழ்நாடு அணி, சேப்பாக்கத்தில் நடந்த இறுதிப் போட்டியில் இரயில்வே அணியை இன்னிங்ஸ் வேறுபாட்டில் தோற்கடித்தது. அதைத் தொடர்ந்து இந்தியாவின் பிற அணி வீரர்களைக் கொண்ட அணியை வென்று இரானி கோப்பையையும் கைப்பற்றியது.

1988–89 பருவத்தில் கோவாவுக்கு எதிரான ஆட்டத்தில் டபிள்யூ. வி. இராமன் 313 ஓட்டங்களும், கிருபால் சிங்கின் மகன் அர்ச்சன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302 ஓட்டங்களும் எடுத்தனர். ஒரே இன்னிங்சில் இருவர் முச்சதம் அடித்த அந்த ஆட்டத்தில் தமிழ்நாடு 6 விக்கெட் இழப்புக்கு 912 ஓட்டங்கள் குவித்தது. அப்பருவத்தில் இராமன் எடுத்த 1,018 ஓட்டங்கள், 1944–45 முதல் இரூசி மோடியின் பெயரில் இருந்த சாதனையை முறியடித்தன.

கைநழுவிய இறுதிப் போட்டிகள்

1935–36, 1940–41, 1967–68, 1972–73, 1991–92, 1995–96, 2002–03, 2003–04, 2011–12, 2014–15 ஆகிய பருவங்களில் இவ்வணி இரண்டாம் இடம் பெற்றது. இவற்றுள் ஐந்து முறை தோற்றது பம்பாய் அல்லது மும்பை அணியிடமே.

மிகவும் பேசப்பட்டது 1972–73 இறுதிப் போட்டி. எஸ். வெங்கட்ராகவன், வி. வி. குமார் என்ற இரு சுழற்பந்து வீச்சாளர்களின் வலிமையை நம்பி விளையாடிய தமிழ்நாடு, பந்து நன்கு திரும்பிய சேப்பாக்கம் ஆடுகளத்தில் பம்பாயை 151, 113 ஓட்டங்களுக்குள் அடக்கியது. ஆனால் அதே ஆடுகளத்தில் பம்பாயின் இடக்கைச் சுழலர் பத்மாகர் சிவால்கர் 16 ஓட்டங்களுக்கு 8, 18 ஓட்டங்களுக்கு 5 என 13 விக்கெட்டுகளைச் சாய்த்தார். தமிழ்நாடு 80, 61 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து 123 ஓட்டங்களால் தோற்றது. சுழலுக்குச் சாதகமான களம் எதிரணியின் சுழலருக்கும் அதே அளவு உதவும் என்பதற்கு இவ்வாட்டம் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

வேறு சில தோல்விகளுக்குப் போட்டி விதியும் காரணமாக இருந்தது. இரஞ்சிக் கோப்பையின் வெளியேற்றச் சுற்றில் ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தால், முதல் இன்னிங்சில் அதிக ஓட்டங்கள் எடுத்த அணியே வென்றதாகக் கொள்ளப்படும். எனவே முதலில் மட்டையாடி மிகப்பெரும் எண்ணிக்கையைக் குவிக்கும் அணி பாதி வெற்றியை அப்போதே பெற்றுவிடுகிறது. 1995–96 இறுதிப் போட்டியில் கருநாடகமும், 2011–12 இறுதிப் போட்டியில் இராசத்தானும் சேப்பாக்கத்தில் 600 ஓட்டங்களைக் கடந்து, இவ்வாறே கோப்பையைத் தம்வசப்படுத்தின. 2014–15 இறுதிப் போட்டியில் முதல் இன்னிங்சில் 134 ஓட்டங்களுக்குச் சுருண்ட தமிழ்நாடு, கருண் நாயர் 328 ஓட்டங்கள் எடுத்த கருநாடகத்திடம் இன்னிங்ஸ் வேறுபாட்டில் தோற்றது.

குறைந்த ஓவர் போட்டிகள்

50 ஓவர்கள் கொண்ட விசய் அசாரே கோப்பையை 2002–03, 2004–05, 2008–09, 2009–10, 2016–17 ஆகிய பருவங்களில் தமிழ்நாடு வென்றது. இவற்றுள் 2004–05 கோப்பை உத்தரப் பிரதேசத்துடன் பகிர்ந்துகொள்ளப்பட்டது. 2016–17 பருவத்தில் தேவ்தர் கோப்பையும் கிடைத்தது.

2006–07 பருவத்தில் மாநிலங்களுக்கு இடையிலான இருபது20 தொடர் முதன்முறையாக நடைபெற்றபோது, தினேஷ் கார்த்திக் தலைமையில் தமிழ்நாடு அதை வென்றது. அத்தொடரே பின்னர் சையது முசுத்தாக் அலி கோப்பையானது. 2019–20 இறுதிப் போட்டியில் கருநாடகத்திடம் ஒரே ஓட்டத்தில் தோற்ற தமிழ்நாடு, 2020–21 பருவத்தில் பரோடாவை வென்று கோப்பையை மீட்டது. 2021–22 இறுதிப் போட்டியில் மீண்டும் கருநாடகத்தைச் சந்தித்தது. கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில் சாருக் கான் ஆறு ஓட்டம் அடித்து வெற்றி தேடித் தந்தார்.

2022 நவம்பர் 21 அன்று பெங்களூரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக நா. செகதீசன் 277 ஓட்டங்கள் எடுத்தார். சாய் சுதர்சனுடன் முதல் விக்கெட்டுக்கு 416 ஓட்டங்கள் சேர்த்தார். அணி 2 விக்கெட் இழப்புக்கு 506 ஓட்டங்கள் எடுத்தது. இம்மூன்றும் அப்போது பட்டியல் அ துடுப்பாட்டத்தின் உலகச் சாதனைகளாக அமைந்தன.

குறிப்பிடத்தக்க வீரர்கள்

சுழற்பந்து வீச்சு இவ்வணியின் நெடிய மரபாகும். வெங்கட்ராகவன் இரஞ்சிக் கோப்பையில் 500-க்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர். 1975, 1979 உலகக்கிண்ணப் போட்டிகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். ஓய்வுக்குப் பின் 73 தேர்வுப் போட்டிகளில் நடுவராகப் பணியாற்றினார். இலட்சுமண் சிவராமகிருஷ்ணன் தன் முதல் இரஞ்சி ஆட்டத்தில், 16-ஆவது அகவையில், தில்லிக்கு எதிராக 28 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகளை எடுத்தார். ரவிச்சந்திரன் அசுவின் 106 தேர்வுப் போட்டிகளில் 537 விக்கெட்டுகளை வீழ்த்தி 2024 திசம்பரில் பன்னாட்டுப் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். வாசிங்டன் சுந்தர், வருண் சக்கரவர்த்தி ஆகியோர் இம்மரபைத் தொடர்கின்றனர். சாய் கிசோர் 2023–24 பருவத்தில் அணியை அரையிறுதி வரை அழைத்துச் சென்றதோடு, அப்பருவத்தில் அதிக விக்கெட்டுகள் வீழ்த்தியவராகவும் விளங்கினார்.

மட்டையாளர்களுள் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், வி. பி. சந்திரசேகர், டபிள்யூ. வி. இராமன், இராபின் சிங், சடகோபன் ரமேஷ், ஏமங் பதானி, முரளி விசய், அபினவ் முகுந்த், தினேஷ் கார்த்திக் ஆகியோர் இந்தியாவுக்காக விளையாடியவர்கள்.

மாநில அணியின் சுமையைத் தாங்கியவர்கள் அனைவருக்கும் இந்திய அணியில் நிலையான இடம் கிடைக்கவில்லை. வி. வி. குமார் தன் முதல் தேர்வுப் போட்டியில் பாக்கித்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்சில் 5 விக்கெட்டுகள் எடுத்தபோதும், மொத்தம் இரு தேர்வுப் போட்டிகளில் மட்டுமே விளையாடினார். முதல்தரத்தில் 10,000 ஓட்டங்களைக் கடந்த சு. பத்ரிநாத்தும் இரு தேர்வுப் போட்டிகளோடு நின்றார். தமிழ்நாட்டுக்காக 100 இரஞ்சி ஆட்டங்களில் விளையாடிய முதல் வீரரான எஸ். சரத்துக்கு இந்திய அணியில் வாய்ப்பே கிடைக்கவில்லை.

சென்னையும் மாவட்டங்களும்

இவ்வணியின் வீரர்கள் நெடுங்காலம் பெரும்பாலும் சென்னையிலிருந்தே வந்தனர். சென்னை லீக் போட்டிகள் இதற்கு முக்கியக் காரணம். வங்கிகளும் தொழில் நிறுவனங்களும் வீரர்களுக்கு வேலை கொடுத்துத் தத்தம் அணிகளை நடத்தின. லீக்கின் முதல் பிரிவில் சிறப்பாக விளையாடுவதே மாநிலத் தேர்வாளர்களின் பார்வைக்குச் செல்லும் வழியாக இருந்தது. நகரத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்கு அந்த வழியின் தொடக்கமே தொலைவில் இருந்தது.

தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொண்டால் இத்தொலைவு எளிதில் விளங்கும். 1965 அக்டோபர் 2 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் தலைநகர், சென்னையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெங்களூர் அதைவிட மிக அருகில் இருந்தாலும், இங்குள்ள ஒருவர் மாநில அணியை அடைவதற்கான பாதை சென்னை வழியாகவே செல்கிறது. மாவட்ட அணி, மாவட்டங்களுக்கு இடையிலான போட்டிகள், 16, 19, 23 அகவைக்கு உட்பட்டோருக்கான மாநில அணிகள் என்பன அப்பாதையின் படிகள். வயதுப் பிரிவுகளில் தவறியவர்களுக்குச் சென்னை லீக்கின் கீழ்ப் பிரிவுகளிலிருந்து ஏறி வருவதே எஞ்சிய வழி.

அவ்வழியே வந்தவர் அண்டை மாவட்டமான சேலத்தின் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் த. நடராசன். டென்னிசு பந்தில் விளையாடி வளர்ந்த இவர், சென்னை லீக்கில் சேர்ந்து, 2015 சனவரியில் வங்காளத்துக்கு எதிராக இரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார். பந்துவீசும் முறை ஐயத்துக்குள்ளானதால் அதைத் திருத்திக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் துல்லியமான யார்க்கர் பந்துகளால் கவனம் பெற்றார். 2020–21 ஆத்திரேலியச் சுற்றுப்பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகச் சென்றவர், ஒருநாள், இருபது20, தேர்வுத் துடுப்பாட்டம் ஆகிய மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியரானார். 2023-இல் தன் சொந்த ஊரில் துடுப்பாட்டக் களம் ஒன்றைத் திறந்தார்.

தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் திண்டுக்கல்லை அடுத்த நத்தம், திருநெல்வேலி, கோயம்புத்தூர், சேலத்தை அடுத்த வாழப்பாடி ஆகிய இடங்களிலும் நடத்தப்பட்டுள்ளன. இதனால் தரமான புல்தரைக் களங்கள் சென்னைக்கு வெளியேயும் உருவாகியுள்ளன. தருமபுரி போன்ற மாவட்டங்களின் வீரர்களுக்கு மாநில அளவிலான ஆட்டத்தை நேரில் காணும் தொலைவு சில நூறு கிலோமீட்டரிலிருந்து ஓரிரு மணி நேரப் பேருந்துப் பயணமாகக் குறைந்துள்ளது. எனினும் இருபது20 போட்டியில் நான்கு ஓவர்கள் வீசிப் பெயர் பெறுவதும், நான்கு நாள் ஆட்டத்தில் நாள் முழுவதும் நின்று விளையாடுவதும் வெவ்வேறு பயிற்சிகள். மாவட்டங்களில் நீண்ட ஆட்டங்கள் பெருகுவதைப் பொறுத்தே, 1988-க்குப் பின் கிட்டாத இரஞ்சிக் கோப்பைக்கான வீரர்கள் சென்னைக்கு வெளியிலிருந்தும் வருவது அமையும்.