எந்தப் பச்சைப் பெட்டி?

வெள்ளானூரில் நம்மிடம் படித்த பையன் ஒருவன் சென்ற வாரம் வந்தான், கிடார் வாசிக்கிறவன். "ஸார், ஐபனீஸ் டியூப் ஸ்கிரீமரில் 808 வாங்கட்டுமா, 9 வாங்கட்டுமா?" என்றான். காலால் மிதித்தால் கிடாரின் நாதத்தைக் கரகரப்பாக்கும் பச்சைப் பெட்டி அது. பழைய 808 ஒன்றுக்கு ஒருவர் கேட்ட தொகை, பையனின் ஒரு வருஷச் சேமிப்பு முழுவதும்!

நாம் பௌதிக வாத்தியார். ஸங்கீத வித்வான் அல்ல. ஆகவே இரண்டின் மின்சுற்றுப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 1979-ல் வந்த 808-க்கும் 1982-ல் வந்த 9-க்கும் முக்கிய பேதம், நாதம் வெளியேறும் வாயிலிலுள்ள இரண்டு மின்தடைகளே. முன்னதில் 100 ஓம், 10,000 ஓம். பின்னதில் 470 ஓம், 1,00,000 ஓம். கரகரப்பை உண்டாக்கும் டயோடுகளின் அமைப்பு இரண்டிலும் ஒன்றுதான். 808 சற்று மிருது, 9 சற்றுக் கூர்மை என்பது ரஸிகர்களின் அபிப்பிராயம்.

அப்படியானால் அவ்வளவு விலை எதற்கு? பழமைக்கும் அருமைக்குந்தான். அமெரிக்க வித்வான் ஸ்டீவி ரே வானோ 808, 9, 10 மூன்றையுமே உபயோகித்தவர்!

"புதிதாகச் செய்து விற்கும் 808, 9 இரண்டையும் கடையில் உன் கிடாரிலேயே மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு கேள். காதுக்குப் பிடித்ததை வாங்கு. மிச்சப் பணத்தில் நல்ல வாத்தியாரிடம் பாடம் கேள்" என்று சொல்லியனுப்பினோம். விரலில் இல்லாத நாதம் பெட்டியிலிருந்து வருமா?