நத்தைகுத்தி நாரையும் புற ஊதா விளக்கும்

மார்கழி மாதத்தில் வேடந்தாங்கல் ஏரிக்கரையில் நின்று பார்த்தால், தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் இலையைவிடப் பறவைதான் அதிகம் என்று தோன்றும். அந்தக் கூட்டத்தில் நத்தைகுத்தி நாரையைத் தேடிப் பிடியுங்கள். அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்து, ஓட்டுக்குள்ளிருக்கும் சதையை உருவி எடுக்கக் கைகொடுக்கும் அலகு அது.

அவ்வளவு நத்தை எங்கே கிடைக்கிறது? சுற்றுவட்டார வயலிலும் வாய்க்காலிலும் குட்டையிலும்தான். ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர். ஆனால் 1998-இல் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்துக்கு எல்லை வகுத்தபோது, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சேர்த்துக்கொண்டார்கள். பறவைக்குக் கூடு இங்கே, சாப்பாடு அங்கே!

வேடந்தாங்கல் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொழிற்சாலைகளும் நிறைய. மருந்து, கார், ரசாயனம் என்று எத்தனையோ தயாராகின்றன. காய்ச்சல் மாத்திரை நமக்கு வேண்டும்தான். அதைத் தயாரிக்கும் ஆலையில் கலன்களைக் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியும் நமக்கு வேண்டும். அது வாய்க்காலில் கலந்தால் நத்தைக்குப் போகும், நத்தையிலிருந்து நாரைக்குப் போகும்.

முன்பெல்லாம் அதிகாரிகள் வந்து ஒரு பாட்டிலில் கழிவுநீரைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அந்த ஒரு நேரத்துக்குத்தான் அந்தப் பாட்டில் சாட்சி. நள்ளிரவில் என்ன ஓடியது என்று அது சொல்லாது. அதனால் 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தக்கூடிய 17 வகைத் தொழிற்சாலைகளிடம், மாசை இரவும் பகலும் அளக்கும் கருவிகளைப் பொருத்தச் சொன்னது. மருந்து ஆலைகளும் அந்தப் பட்டியலில் உண்டு.

அந்தக் கருவிகளில் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கழிவுநீருக்குள் ஒரு உலோகக் குழாய். அதன் இடுக்கில் தண்ணீர் புகுந்து போகும். ஒரு பக்கம் புற ஊதா விளக்கு, எதிர்ப்பக்கம் ஒளியை அளக்கும் உணரி. கழிவில் கரைந்திருக்கும் பல கரிமப் பொருள்கள் புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும். காபி டிகாஷன் கலந்த தண்ணீரில் டார்ச் அடித்தால் வெளிச்சம் மங்குமே, அதுபோலத்தான். எதிர்ப்பக்கம் எவ்வளவு குறைவாக ஒளி வருகிறதோ, அவ்வளவு அழுக்கு. இதை வைத்து சி.ஓ.டி. (வேதி ஆக்சிஜன் தேவை), அதாவது கழிவை வேதிமுறையில் சிதைக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்னும் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஆற்றிலோ ஏரியிலோ விடும் கழிவுநீரில் அது லிட்டருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது பொது விதி. அளந்த எண் இணையம் வழியாக வாரியத்தின் கணினிக்குப் போகிறது. எல்லை மீறினால் தானாகவே குறுஞ்செய்தி பறக்கிறது.

சில ஆலைகள் ஒரு சொட்டுக் கழிவுநீரைக்கூட வெளியே விடுவதில்லை. சவ்வுகளில் வடிகட்டி, மிஞ்சியதைக் காய்ச்சி ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுத்துவிட்டுத் தண்ணீரை மறுபடியும் ஆலைக்கே பயன்படுத்துகிறார்கள். மின்சாரம் நிறையச் செலவாகும். ஆனாலும் வாய்க்கால் தப்பிக்கிறது.

கருவி வந்ததே, இனிக் கவலை இல்லை என்று இருந்துவிட முடியுமா? முடியாது. விளக்கையும் உணரியையும் மூடியிருக்கும் கண்ணாடியில் பாசி படிந்தால் எண் தப்பாகும். துடைக்க ஆள் வேண்டும், சரிபார்க்க ஆள் வேண்டும். இன்னொன்றும் உண்டு. சி.ஓ.டி. மொத்தக் கணக்கைத்தான் சொல்லும். எந்த மருந்து கலந்திருக்கிறது என்று சொல்லாது. மருந்து பறவையை என்ன செய்யும் என்று நம் நாட்டுப் பாறுக் கழுகுகளைக் கேட்க வேண்டும். மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-இல் இந்தியா அதை மாட்டு மருந்தாகத் தடை செய்தது. ஆகவே கருவியும் வேண்டும், ஆய்வகமும் வேண்டும், ஆண்டுதோறும் பறவைகளை எண்ணும் கண்களும் வேண்டும்.

வேடந்தாங்கல் மக்களுக்குப் பறவைகளைக் காப்பது புதிதல்ல. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்ல உரம் என்று அவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுத்தாகவே வாங்கினார்கள். 2022-இல் இந்த ஏரி, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

பெரிய தொழிற்சாலைகள் பலவற்றின் வாசலில் மாசு அளவுகளைக் காட்டும் பலகை இருக்கும். அடுத்த முறை அந்த வழியே போகும்போது அதைப் படியுங்கள். எண்கள் புரியாவிட்டால் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். பலகை அணைந்து கிடந்தால், அது ஏன் என்றும் கேளுங்கள்.