புது டிரைவைப் பார்த்து ‘யார் நீ?’ என்று கேட்கும் மென்பொருள்



நம்மவர் வீடுகளில் பரண்மேல் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். திறந்து பார்த்தால் 2000-ஆம் ஆண்டுக்கும் 2012-க்கும் இடையில் ஆசை ஆசையாக எழுதி வைத்த குறுந்தகடுகள். ஊர்க் கல்யாணம், பேத்தியின் காதுகுத்து, சங்கத்துப் பொங்கல் விழாவில் பிள்ளைகள் போட்ட நாடகம் என்று எல்லாம் அதற்குள் அடக்கம். ஊரிலேயே இருப்பவர்களுக்குப் பழசை நினைவூட்ட வீடு இருக்கிறது, தெரு இருக்கிறது, கோயில் குளம் இருக்கிறது. பிழைப்புக்காக வடக்கே வந்து, குவார்ட்டர்ஸ் மாறி மாறி வாழ்ந்த நமக்கு அந்தப் பெட்டிதான் எல்லாம்.

அந்தத் தகடுகள் இப்போது ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு வருகின்றன. பிரதி எடுக்கலாம் என்றால் பழைய டிரைவ் செத்துப்போயிருக்கிறது. புது டிரைவ் வாங்கி மாட்டினால், எழுதும் மென்பொருள் ‘எழுதும் கருவி எதுவும் இல்லை’ என்கிறது. உடனே நாம் டிரைவ் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறோம். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் 38 வருஷம் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கைகாட்டி இறங்கவில்லை என்றால் கைகாட்டியில்தான் பழுது என்று எந்த சிக்னல்காரனும் சொல்லமாட்டான். லீவர், கம்பி, பாயிண்ட், டிராக் சர்க்யூட், ரிலே என்று ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வருவான். இங்கேயும் அதே வழிதான்.

தகடு எழுதுவது எப்படி?

கம்பெனியில் அச்சடித்து வரும் சி.டி. 1982-இல் சந்தைக்கு வந்தது. அதில் செய்தி சிறு சிறு பள்ளங்களாக அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். நாம் வீட்டில் எழுதும் சி.டி.-ஆர் வேறு ஜாதி. அதில் ஒரு சாயப்பூச்சு உண்டு. லேசர் ஒளி அந்தச் சாயத்தைச் சுட்டு, சுட்ட இடம் சுடாத இடம் என்று அடையாளம் வைக்கிறது. அதனால்தான் தகட்டை ‘எரிப்பது’ என்கிறார்கள். இதை வைத்தே ஒரு ஜெர்மன் கம்பெனி தன் மென்பொருளுக்கு, ரோம் எரிந்தபோது பிடில் வாசித்தான் என்று கதை சொல்லப்படும் மன்னனின் பெயரை நினைத்து ‘நீரோ பர்னிங் ராம்’ என்று குறும்பாகப் பெயர் வைத்தது!

சாயம் என்றால் வெளுக்கத்தானே செய்யும்? வெயிலும் சூடும் ஈரமும் பட்டால் சீக்கிரமே வெளுக்கும். நாக்பூர் மே மாத வெயிலில் பரணில் கிடந்த தகட்டின் கதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வீட்டுக் கதை

சென்ற ஆண்டு எங்கள் காலனியில் ஒரு தங்கை கூப்பிட்டனுப்பினார். அவருடைய மாமியார் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். 1986-இல் ஒரு கேஸட்டில் பேசி, மகனுக்குக் கடிதமாக அனுப்பியிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் ஜி.டி. எக்ஸ்பிரஸில் கொண்டுவந்து கொடுத்தது. மாடு கன்று போட்டது, மழை பொய்த்தது, ‘புள்ளைக்குத் தல முடி எறக்க எப்ப வருவிய?’ என்று கேட்டது, நடுவில் ஒரு தாலாட்டு, எல்லாம் சேர்த்து 43 நிமிஷம். 2005-இல் மகன் அதை சி.டி.யில் ஏற்றி வைத்தார். கேஸட் எங்கோ போய்விட்டது. மாமியாரும் இல்லை, அந்த மகனும் இப்போது இல்லை. இருப்பது ஒரே ஒரு தகடு.

தென்காசியில் இருக்கும் நாத்தனாருக்கு வயது 80-ஐ நெருங்குகிறது. “அம்மா கொரல ஒரு தடவ கேட்டுட்டாப் போதும் மைனி” என்று போனில் சொன்னாராம். அவர் வீட்டில் இருப்பது பழைய டி.வி.டி. பிளேயர் ஒன்றுதான். போனில் அனுப்பினால் அவருக்குத் திறக்கத் தெரியாது. ஆகவே தகடாகவே வேண்டும்.

பையன் யு.எஸ்.பி.யில் மாட்டும் புது டிரைவ் வாங்கிவந்துவிட்டான். பழைய கம்ப்யூட்டரில் இருந்த எழுதும் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. “அங்கிள், டிரைவே டெட். நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்கணும். அந்த சி.டி.யும் திக்குது. இனிமே எதுக்கு இந்தச் சள்ளை? விட்டுடலாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க” என்றான். தங்கை ஒன்றும் பேசவில்லை. தகட்டைப் புடவைத் தலைப்பில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

முதல் கட்டம்: மின்சாரம்

டிரைவ் ஒரு சிறிய ஹப்பில் மாட்டப்பட்டிருந்தது. அதே ஹப்பில் கீ-போர்டு, மௌஸ், ஒரு பென்-டிரைவ். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. 2.0 துளை ஒன்று 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்கும். தனி அடாப்டர் இல்லாத ஹப்பின் வழியாக ஒவ்வொரு கருவிக்கும் உரிய பங்கு 100 மில்லி ஆம்பியர்தான். தகட்டைச் சுழற்றி லேசரையும் ஓட்ட வேண்டிய டிரைவுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. சில டிரைவ்களுக்கு ஒரு துளையே போதாது என்றுதான் இரண்டு முனை உள்ள கேபிள் தருகிறார்கள்.

ஹப்பை எடுத்துவிட்டு, பெட்டியின் பின்பக்கத் துளையில் நேராக மாட்டச் சொன்னேன். முன்பக்கத் துளைக்கு உள்ளே இன்னொரு வயர் ஓடுகிறது. சந்தேகம் இருக்கும்போது பின்பக்கமே நல்லது.

பெட்டிக்குள் மாட்டும் டிரைவ் என்றால் இந்தக் கட்டத்தில் கேபிள்களைப் பாருங்கள். ‘சாட்டா’ வகையில் செய்திக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என இரண்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். அதற்கும் முந்தைய பட்டை கேபிள் வகையில் டிரைவின் பின்னால் ‘மாஸ்டர், ஸ்லேவ்’ என்று ஒரு ஜம்பர் உண்டு. ஒரே கேபிளில் இரண்டு மாஸ்டர் இருந்தால் இரண்டுமே வேலை செய்யாமல் போகலாம். ஒரு ஆபீசில் இரண்டு பெரியவர் இருந்தால் நடப்பதுதான்!

இரண்டாம் கட்டம்: கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா?

மென்பொருளைத் திறக்காதீர்கள். விண்டோஸில் ‘டிவைஸ் மேனேஜர்’ என்ற பட்டியலைத் திறந்து, டி.வி.டி., சி.டி. டிரைவ்கள் என்ற வரியைப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

டிரைவின் பெயரே இல்லையென்றால் கோளாறு மின்சாரத்தில், கேபிளில், துளையில், அல்லது டிரைவிலேயே. வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பெயர் இருந்து பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால், அதைத் திறந்து எண்ணைப் பாருங்கள். 19, 39 போன்ற எண்கள் வந்தால், முன்பு போட்டு எடுத்த ஏதோ ஒரு எழுதும் மென்பொருள், விண்டோஸின் ‘ரெஜிஸ்ட்ரி’ பதிவேட்டில் ‘அப்பர் ஃபில்டர்ஸ்’, ‘லோயர் ஃபில்டர்ஸ்’ என்று விட்டுச்சென்ற எச்சம் காரணமாக இருக்கலாம். வேலைக்காரர் போனபின்பும் வாசலில் அவர் போட்ட பூட்டு தொங்குவது போல. சி.டி. டிரைவ் பகுதியில் உள்ள அந்த இரண்டு பதிவுகளை நீக்கி, கம்ப்யூட்டரை மறுபடி துவக்கினால் சரியாகும். ஆனால் அதே பெயரில் வேறு பகுதிகளிலும் பதிவுகள் உண்டு. அவற்றைத் தொட்டால் வேறு வினை வரும். பதிவேட்டுக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பெயர் ஒழுங்காக இருந்து முக்கோணமும் இல்லையென்றால் டிரைவ் பிழைத்தது. பழுது மேலே, மென்பொருளில்.

எங்கள் கதையில், ஹப்பை எடுத்ததும் பெயர் வந்துவிட்டது. கடையில் வாங்கிய பாட்டு சி.டி. ஒன்றைப் போட்டதும் பாடியது. பையன் முகம் மலர்ந்து எழுதும் மென்பொருளைத் திறந்தான். மறுபடியும் ‘கருவி இல்லை’!

ஒரு பழுதைச் சரிசெய்தும் சிக்னல் விழவில்லை என்றால், செய்த வேலை தப்பு என்று அர்த்தமில்லை. இன்னொரு பழுது பின்னால் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். ஆம்லா பக்கத்தில் மழை ராத்திரிகளில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

மூன்றாம் கட்டம்: மென்பொருள்

மென்பொருள் புது டிரைவை மறுப்பதற்கு முக்கியமான காரணங்கள் நான்கு.

ஒன்று, வயது. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு கம்பெனி டிரைவும் ஒவ்வொரு பாஷை பேசியது. மென்பொருளுக்குள் இருந்த பட்டியலில் பெயர் இருந்தால்தான் வேலை நடக்கும். பிறகு ‘எம்.எம்.சி.’ என்ற பொதுக் கட்டளைத் தொகுதி வந்து அந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கியது. மிகப் பழைய மென்பொருளுக்கு இன்றும் அந்தக் குணம் போகவில்லை.

இரண்டு, அனுமதி. சில பழைய மென்பொருள்கள் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ உரிமையோடு திறந்தால்தான் டிரைவைத் தொட முடியும். மௌஸின் வலது பொத்தானை அழுத்தி அந்த உரிமையோடு திறந்து பாருங்கள்.

மூன்று, டிரைவின் தகுதி. படிக்க மட்டுமே தெரிந்த டிரைவ் உண்டு. சி.டி. எழுதும், டி.வி.டி.யைப் படிக்க மட்டும் செய்யும் ‘காம்போ’வும் உண்டு. முகப்பில் உள்ள எழுத்துகளைப் படித்துவிட்டுக் குறை சொல்லுங்கள்.

நான்கு, பூட்டு. டிரைவோடு இலவசமாக வந்த மென்பொருள் பல, அந்தக் கம்பெனி டிரைவோடு மட்டுமே வேலை செய்யும்படி கட்டப்பட்டவை. ஒற்றைப் பாதையில் டோக்கன் பந்து கொடுத்து வண்டி விட்ட நாட்களை ரயில்வே குடும்பங்கள் அறியும். ஒரு செக்ஷனின் பந்து அடுத்த செக்ஷன் கருவிக்குள் நுழையாது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருப்பார்கள். அங்கே அது உயிரைக் காக்க. இங்கே வியாபாரத்தைக் காக்க!

தங்கை வீட்டில் நடந்தது நான்காவது. அந்த மென்பொருள் செத்துப்போன பழைய டிரைவோடு வந்தது. அதை நீக்கிவிட்டு, விண்டோஸோடு வரும் மீடியா பிளேயரையே பயன்படுத்தினோம். ஆடியோ சி.டி. எழுத அதுவே போதும். மற்ற வகைகளுக்கு ‘இம்க்பர்ன்’ போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது; 2013-க்குப் பிறகு புதுப் பதிப்பு வராவிட்டாலும் பொதுக் கட்டளையில் பேசுவதால் புது டிரைவோடும் ஒத்துப்போகிறது.

முதலில் படி, பிறகு எழுது

திக்கும் தகட்டை நேராக நகல் எடுக்க முயலக்கூடாது. முதலில் அதில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் இறக்க வேண்டும். மெல்லிய பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், கீறல் விழும்போது அது எழுத்து ஓடும் திசையிலேயே விழும்; அதைத் தாண்டிப் படிப்பது டிரைவுக்குக் கஷ்டம். ஒரு டிரைவ் படிக்க மறுத்ததை இன்னொன்று படிக்கக்கூடும்.

புது டிரைவில் பெரும்பகுதி இறங்கியது. விட்டுப்போன இடத்தை என் வீட்டுப் பழைய டிரைவில் மெதுவான வேகத்தில் படிக்கவைத்தோம். 43 நிமிஷத்தில் 41 நிமிஷம் கிடைத்தது. மழை பொய்த்த சேதியில் கொஞ்சம் போய்விட்டது. தாலாட்டு முழுசாக வந்தது. அதுவரை ஹிந்தியிலேயே போனில் பேசிக்கொண்டிருந்த பையன், “‘எறக்க’ன்னா என்னம்மா?” என்று கேட்டான். தங்கை சொல்லிக்கொடுத்தார்.

இரண்டு தகடு எழுதி, ஒன்றைத் தபாலில் அனுப்பினோம். பத்து நாள் கழித்து நாத்தனார் பேசினார். தினமும் சாயங்காலம் விளக்கேற்றியபின் போடுகிறாராம்.

பெட்டியை இறக்குங்கள்

எழுதுவதற்கு முன் இவற்றை மனதில் வையுங்கள். பழைய பிளேயருக்கு அனுப்புவதென்றால், திரும்பத் திரும்ப எழுதும் ‘ஆர்.டபிள்யூ.’ தகடு வேண்டாம். ஒருமுறை எழுதும் ‘ஆர்’ தகடே வாங்குங்கள். ‘ஆர்.டபிள்யூ.’ ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் பல பழைய பிளேயர்கள் அதைப் படிப்பதில்லை. முடிவில் ‘ஃபைனலைஸ்’ செய்யத் தவறாதீர்கள். தகட்டின்மேல் பால்பாயிண்ட் பேனாவால் எழுதாதீர்கள், காகிதம் ஒட்டாதீர்கள். அதற்கென உள்ள மென்முனைப் பேனாவால் எழுதுங்கள். உறையில் நிற்கவைத்து, வெளிச்சமும் சூடும் படாத இடத்தில் வையுங்கள். பரண் வேண்டவே வேண்டாம். தகடு ஒன்றை மட்டும் நம்பாமல் ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி, வேறு ஊரில் உள்ள மகனிடமோ மகளிடமோ ஒரு பிரதி என மூன்று இடத்தில் இருக்கட்டும்.

தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது அந்த அட்டைப்பெட்டியைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். தகடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஓடுவதை அன்றைக்கே பிரதி எடுங்கள். திக்குவதைத் தனியாக எடுத்து வையுங்கள். டிரைவ் ‘இல்லை’ என்று மென்பொருள் சொன்னால் முதலில் ஹப்பைப் பாருங்கள்.