கணக்குக் கேட்கப்படாத லோகி

மார்வெல் திரைப்படங்களின் புண்ணியத்தில் லோகி என்ற பெயர் இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழக்கமாகிவிட்டது. வட ஐரோப்பியத் தொன்மத்தின் இந்தத் தந்திரக்காரனைப் பற்றிய கதைகளை 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டர்லூசன் தொகுத்து எழுதினார். வஞ்சகன் இறுதியில் அழிவான் என்பதே அவற்றின் நீதி என்று பொதுவாகச் சொல்வார்கள். உத்திரமேரூர்க்காரனான எனக்கு அந்தக் கதைகளில் லோகியைவிட, அவனை வைத்துக்கொண்டிருந்த சபைதான் கண்ணில் படுகிறது.

தேவர்களின் கோட்டைக்கு மதில் எழுப்ப ஒருவன் வருகிறான். ஃபிரேயா என்ற தேவியையும் சூரிய சந்திரரையும் கூலியாகக் கேட்கிறான். ஒரே குளிர்காலத்தில், வேறு ஆள் துணையின்றி முடிக்க வேண்டும் என்கின்றனர் தேவர்கள். குதிரையை மட்டும் வைத்துக்கொள்ளட்டும் என்று யோசனை சொன்னவன் லோகி. அந்தக் குதிரையின் வலிமையால் வேலை முடியும் தறுவாயை எட்டியதும், சபை கூடி லோகியைக் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறது. அவன் பெண்குதிரையாக உருமாறி அந்தக் குதிரையை மயக்கி இழுத்துச் செல்கிறான். வேலை நின்றுபோகிறது, கட்டியவனைத் தோர் கொல்கிறான். பெரும்பாலும் முடிந்த மதில் கூலியின்றித் தேவர்களுக்குக் கிடைத்தது. லோகி ஈன்ற எட்டுக்கால் குதிரை தலைவன் ஒடினுக்குப் போயிற்று. தோரின் மனைவி சிஃபின் கூந்தலை அவன் அறுத்த விஷமமும் தோருக்குச் சம்மட்டியும் ஒடினுக்கு ஈட்டியும் வந்து சேர்வதில்தான் முடிந்தது.

நாரதர் கலகம் நன்மையில் முடியும் என்று நாம் சிரித்துக் கடப்பதைப்போலவே அவர்களும் கடந்தார்கள். ஆதாயம் சபைக்கு வந்தவரை, எப்படி வந்தது என்று கேட்க ஒருவருக்கும் மனமில்லை. பார்வையற்ற ஹோடரின் கையில் புல்லுருவிக் கிளையைக் கொடுத்து, ஒடினின் மகன் பால்டரைக் கொல்லவைத்த பிறகுதான் லோகியைப் பாறையில் பிணைத்தார்கள்.

எங்கள் ஊர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. குடவோலை முறையைப் பற்றிப் பெருமை பேசாத மேடை இல்லை. அது நிலமுடைய பிராமண ஆண்களின் சபை என்பதை அந்த மேடைகள் சொல்வதில்லை, போகட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது, யாருடைய பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்ற பகுதி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினருக்கும் இல்லை. அந்தப் பட்டியலில் மனைவியின் உடன்பிறந்தானும் உண்டு. சகுனி திருதராட்டிரனுக்கு அந்த உறவுதான்!

'அவர் கொஞ்சம் சாப்பிட்டாலும் ஊருக்குச் செய்கிறாரே' என்ற பேச்சை நாம் தேநீர்க் கடைதோறும் கேட்கிறோம். படித்தவர்களே சொல்கிறார்கள். ஒடினின் சபையிலும் இந்த வாதம்தான் செல்லுபடியானது. எங்கள் கல்வெட்டோ, கணக்குக் காட்டாதவர் ஊருக்கு என்ன செய்தார் என்று விசாரிக்கவே இல்லை.

உத்திரமேரூர் இப்போது பேரூராட்சி. சுற்றியுள்ள ஊராட்சிகளில் அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவு மக்கள் முன் வைக்கப்படுகிறது. பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டு எழுந்து வந்துவிடாமல், அந்தக் கணக்கு முழுவதும் வாசிக்கப்படும்வரை உட்கார்ந்திருப்பதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை.